ஷியா பட்டர்: பாத வெடிப்பு முதல் முடி நுனி வரை... எதற்கு உதவும், எதற்கு உதவாது?

அம்மாவுக்குப் பல வருடங்களாகப் பாத வெடிப்பு. 'ஷியா பட்டர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த க்ரீம் ஒன்றை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதம் தடவியும் வெடிப்பு அப்படியே இருந்தது. "வாசனை மட்டும்தான்டி நல்லா இருக்கு" என்றார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். சேர்மானப் பட்டியலின் கடைசியில், வாசனைப் பொருளுக்கும் பின்னால் இருந்தது ஷியா பட்டர்!

சோப், லோஷன், லிப் பாம் என எல்லாவற்றிலும் பெயர் இருக்கும் இந்த ஷியா பட்டர், உண்மையில் என்ன செய்யும்?

மரத்திலிருந்து வரும் வெண்ணெய்

பட்டர் என்றாலும் இதற்கும் பாலுக்கும் சம்பந்தம் இல்லை. கானா, புர்கினா ஃபாசோ, மாலி, நைஜீரியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் தானாக வளரும் ஷியா மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படும் கொழுப்பு இது. நமக்குத் தெரிந்த சப்போட்டாவும் இலுப்பையும் இதே தாவரக் குடும்பம்தான்.

மரம் காய்க்கத் தொடங்கவே ஏறக்குறைய 15 முதல் 20 வருடங்கள் ஆகும். உதிர்ந்த பழங்களை விடியற்காலையில் பொறுக்குவதில் தொடங்கி, கொட்டையை வேகவைத்து, வெயிலில் காயவைத்து, உடைத்து, பருப்பை வறுத்து அரைப்பது வரை பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. அரைத்த விழுதில் தண்ணீர் விட்டுக் கையால் அடித்துப் பிசையும்போது கொழுப்பு வெண்மையாக மேலே திரளும். அதைக் காய்ச்சி ஆறவைத்தால் ஷியா பட்டர். அந்தப் பகுதிகளில் இதை 'பெண்களின் தங்கம்' என்றே சொல்கிறார்கள்.

சருமத்துக்கு என்ன பலன்?

இதில் அதிகம் இருப்பவை ஸ்டியரிக், ஒலியிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள். இவை வறண்ட தோலின் சொரசொரப்பை மிருதுவாக்கி, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகாமல் மூடிபோலக் காக்கின்றன. உடல் சூட்டிலேயே உருகுவதால் தடவுவதும் சுலபம்.

ஒன்றைக் கவனியுங்கள்... ஷியா பட்டர் ஈரத்தைத் தருவதில்லை, இருக்கும் ஈரத்தைக் காப்பாற்றுகிறது. அதனால் காய்ந்த தோலில் தடவினால் பலன் குறைவு.

* கை, கால்: குளித்ததும் துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் முழுவதும் காய்வதற்குள் மெல்லிய படலமாகத் தடவவும்.
* பாத வெடிப்பு: இரவில் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடங்கள் பாதத்தை ஊறவைத்துத் துடைத்து, பட்டரைத் தடவி, காட்டன் சாக்ஸ் அணிந்து தூங்கவும்.
* உதடு: படுக்கும் முன் துளி அளவு போதும்.

கூந்தலுக்கு எப்படி?

வறண்ட, சுருட்டை முடிக்கு நன்றாக ஒத்துப்போகும். பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து உருக்கி, ஈரமான முடியின் நுனிப்பகுதியில் மட்டும் தடவவும். பிளந்த நுனியை இது ஒட்டவைக்காது, மேலும் உடைவதைக் குறைக்கும். மெல்லிய முடி என்றால் பிசுபிசுப்பு தெரியும். தலைக்குக் குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு தடவி அலசிவிடலாம்.

இதையெல்லாம் நம்பாதீர்கள்

ஷியா பட்டர் முடியை வளர்க்கும், நிறத்தைக் கூட்டும், பிரசவத் தழும்பை அழிக்கும் என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தை விட வேண்டாம். சன் ஸ்க்ரீனுக்கு இது மாற்றும் அல்ல.

யாருக்கு எச்சரிக்கை?

எண்ணெய்ப் பசையும் பருவும் உள்ளவர்கள் முகத்தில் தடவ வேண்டாம். பொடுகு இருந்தால் தலைச்சருமத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முந்திரி, வால்நட் போன்ற கொட்டைகளுக்கு அலர்ஜி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. மற்றவர்களும் முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒருநாள் பார்க்கவும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாத வெடிப்பில் ரத்தமோ, சீழோ, வீக்கமோ இருந்தால் எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

வாங்கும்போது...

லேபிளில் 'பியூட்டிரோஸ்பெர்மம் பார்க்கீ' என்ற தாவரப் பெயரைத் தேடுங்கள். பொதுவாக, அதிகம் சேர்த்த பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். பெயர் முன்வரிசையில் இருந்தால் நல்லது, வாசனைப் பொருளுக்குப் பிறகு இருந்தால் பெயருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சுத்திகரிக்காத ஷியா பட்டர் தந்தம் போன்ற இளமஞ்சள் நிறத்தில், லேசான கொட்டை வாசனையுடன் இருக்கும். சுத்திகரித்தது வெள்ளையாக, வாசனை இல்லாமல் இருக்கும். வாசனை பிடிக்காதவர்கள் இரண்டாவதை வாங்கலாம், ஈரம் காக்கும் வேலையை இரண்டுமே செய்யும்.

நம் ஊர் வெயிலில் இது உருகி, மறுபடி உறையும்போது ரவை ரவையாக மாறலாம். கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். டப்பாவை வெந்நீரில் வைத்து முழுவதும் உருக்கி, உடனே ஃப்ரிட்ஜில் வைத்தால் பழையபடி ஆகிவிடும். சிக்கு வாடை வந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

அம்மா இப்போது கலப்பில்லாத ஷியா பட்டரை, ஊறவைத்த பாதத்தில் தினமும் தடவுகிறார். மூன்று வாரங்களில் சொரசொரப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. பழைய க்ரீம் டப்பாவில் இப்போது சேஃப்டி பின் போட்டு வைத்திருக்கிறார்!