ஒயிட்போர்டும் டெராஃபார்மும்: கோப்பு யார் கையில்?

கிளவுடில் சர்வர், டேட்டாபேஸ், நெட்வொர்க் எல்லாம் கட்டுறதுக்கு முன்னாடி டீம் உட்கார்ந்து ஒரு படம் போடும். நாலு டப்பா, பத்து அம்பு. அதுக்கு மீரோ, எக்ஸ்காலிட்ரா மாதிரி டிஜிட்டல் ஒயிட்போர்டு. பிறகு அதையே நிரலாக எழுதி நிஜத்தில் எழுப்ப டெராஃபார்ம், புலூமி. இந்த இரண்டு வகைக்கும் வசதிப் பட்டியல் போட்ட ஒப்பீடுகள் நிறைய கிடைக்கின்றன. நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: கம்பெனி நாளைக்கு மனசு மாறினால் என் கோப்பு என்ன ஆகும்?

கூகுளின் ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31ஓடு மூடப்பட்டது. மீரோ, ஃபிக்ஜாம், லூசிட்ஸ்பார்க் பக்கம் போக வழி விட்டிருந்தாங்க. போகாதவர்களுக்கு மிஞ்சியது பிடிஎஃப். பார்க்கலாம், ஒரு அம்பைக்கூட நகர்த்த முடியாது.

டெராஃபார்மிலும் அதிர்ச்சி வந்தது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் திறமூல உரிமத்தை விட்டு பிசினஸ் சோர்ஸ் லைசன்ஸுக்கு மாறியது. (2025இல் அந்தக் கம்பெனியே ஐபிஎம் வசம் போனது.) ஆனால் பழைய நிரல் திறமூலமாக வெளியே இருந்ததால், அதிலிருந்து ஓப்பன்டோஃபு பிரிந்தது. லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் 2024 ஜனவரியில் அதன் 1.6 பதிப்பு வந்தது. அன்றைக்கு மாறியவர்கள் எழுதி வைத்த கோப்புகளைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள்.

இங்கே ஸ்டேட் கோப்பு பற்றிச் சொல்லியாகணும். நீங்க எழுதின எந்தப் பகுதி, கிளவுடில் எந்த சர்வர் என்று குறித்து வைக்கும் கணக்குநோட்டு அது. நிரல் தொலைந்தால் திரும்ப எழுதிடலாம். ஸ்டேட் தொலைந்தால், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரே கருவிக்குத் தெரியாது. புதுசா இன்னொண்ணு கட்டக் கிளம்பும். அது வெறும் ஜேசன் கோப்புதான், டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகூட அப்பட்டமாக உள்ளே கிடக்கலாம். கிட்டில் போட்டுடாதீங்க. ஓப்பன்டோஃபு 1.7 இந்தக் கோப்பை மறையாக்கம் செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. டெராஃபார்மில் அப்போது அது இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் ஓப்பன்டோஃபு சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

புலூமியில் பைத்தான், டைப்ஸ்கிரிப்ட் என்று பழகிய மொழியிலேயே எழுதலாம். ஸ்டேட் மட்டும், நீங்க மாற்றாத வரைக்கும், அவர்களுடைய சேவையில் இருக்கும். நம்ம எஸ்3 பக்கெட்டுக்கு மாற்றிக்கலாம், அதை முதல் நாளே செய்வது நல்லது.

ஒயிட்போர்டுக்கு வருவோம். நிரல் எழுதாதவங்களும் சேர்ந்து சீட்டு ஒட்டி, ஓட்டுப் போடுற கூட்டம்னா மீரோதான் வசதி. கிளவுட் படத்துக்கு என் ஓட்டு எக்ஸ்காலிட்ராவுக்கு. எம்ஐடி உரிமம், கோப்பு ஜேசன், நிரலுக்குப் பக்கத்திலேயே கிட்டில் வைக்கலாம். பிஎன்ஜியாக எடுக்கும்போது 'எம்பெட் சீன்' போட்டுவிட்டால், அந்தப் படத்தையே திரும்ப எக்ஸ்காலிட்ராவில் இழுத்துப் போட்டு அம்பை நகர்த்தலாம்.