வாட்ஸ்அப்பில் வேலை கேட்ட ஸ்ட்ரைக்கர்

2016 மே 30, லண்டன் வெம்ப்ளி மைதானம். இங்கிலாந்து கால்பந்தின் நான்காம் படியான லீக் டூவிலிருந்து மூன்றாம் படிக்கு ஏறப்போவது யார் என்பதைத் தீர்மானிக்கும் ஆட்டம். பிளிமத் ஆர்கைலுக்கு எதிராக ஏஎஃப்சி விம்பிள்டன் ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறது. ஆட்டம் முடியும் தறுவாயில் விம்பிள்டனுக்கு ஒரு பெனால்டி. அடிக்க வேண்டியவர் வேறொருவர். ஆனால், மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்திருந்த நூறு கிலோவுக்கும் மேற்பட்ட மனிதர் பந்தை விடவே மாட்டேன் என்கிறார். சக வீரருடன் மைதானத்திலேயே வாக்குவாதம். கடைசியில் அவரே அடித்தார். 2-0.

சில நிமிடங்கள் கழித்து தொலைக்காட்சி மைக் அவர் முன் நீண்டது. எனக்கு இப்போது வேலை இல்லை, மேனேஜர்கள் யாராவது இருந்தால் வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள், ஒரு வேலை போட்டுக் கொடுங்கள் என்றார். ஊரே சிரித்தது. அந்த மனிதர் அடெபாயோ அகின்ஃபென்வா.

சிரிக்க வைத்தாலும் அது நிஜம். அவரது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று கிளப் முன்பே சொல்லிவிட்டிருந்தது. அப்போது அவருக்கு வயது 34.

பிரீமியர் லீகை இரவு கண்விழித்துப் பார்க்கும் நம்மவர்களுக்குக் கீழ்ப்படிகள் அவ்வளவாகத் தெரியாது. மேலே 20 கிளப்கள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று படிக்கு 24 வீதம் 72 கிளப்கள். இந்தக் கடைசி இரண்டு படிகளில் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்கள்தான் சகஜம். மே மாதம் பருவம் முடிந்ததும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை அனுப்புகிறோம் என்று ஒவ்வொரு கிளப்பும் பட்டியல் வெளியிடும். பெயர் இல்லாவிட்டால் ஜூன் 30 வரைதான் சம்பளம். பிள்ளைகளின் பள்ளி, வீட்டு வாடகை எல்லாம் அந்தப் பட்டியலைப் பொறுத்தது. நம் ஊரில் தற்காலிகப் பணியில் இருப்பவர்களுக்கு இந்த மே மாத வயிற்றுக் கலக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

அகின்ஃபென்வா 1982இல் லண்டன் இஸ்லிங்டனில் பிறந்தவர், நைஜீரிய வம்சாவளி. வாட்ஃபோர்டின் இளையோர் அணியில் இருந்துவிட்டு, 18 வயதில் அவர் போய்ச் சேர்ந்த இடம் லிதுவேனியா. கிளைபெடா என்ற துறைமுக நகரத்தின் அட்லாண்டஸ் கிளப். முதல் ஆட்டங்களிலேயே நிறத்தைச் சொல்லிப் பாட்டாகவே பாடித் திட்டினார்கள். எதிரணி ரசிகர்கள் மட்டுமல்ல, சொந்த அணி ரசிகர்களும்தான். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று வீட்டுக்குப் போன் போட்டபோது, நீ வந்துவிட்டால் அவர்கள் ஜெயித்ததாகிவிடும் என்று அண்ணன் சொன்னதைப் பின்னாளில் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தங்கினார். 2001 லிதுவேனியக் கோப்பை இறுதியில் வெற்றி கோலை அடித்தவர் அவர்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனிடம் இதைக் கேட்பது நியாயமா என்று எனக்குத் தோன்றும். திட்டுகிறவர்களுக்காகவும் சேர்த்து கோல் அடிக்க வேண்டியிருந்தது அவனுக்கு.

திரும்பி வந்த பிறகு 2003-04 பருவத்தில் மட்டும் ஐந்து கிளப்கள். வேல்ஸின் பேரி டவுன் பணநெருக்கடியில் சிக்க, பாஸ்டன் யுனைடெட், லெய்டன் ஓரியன்ட், ரஷ்டன், டான்காஸ்டர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். டார்கியில் ஓராண்டு. பிறகு ஸ்வான்சி. அங்கே புதிதாகத் திறந்த லிபர்ட்டி மைதானத்தில் 2005 ஆகஸ்டில் நடந்த முதல் லீக் ஆட்டத்தில் ஒரே கோல் அவருடையது. மறு ஆண்டு, மேல்படிக்குப் போவதற்கான இறுதி ஆட்டம் பெனால்டிகளுக்குப் போனபோது பந்தை கோல் கம்பத்துக்கு மேலே அனுப்பியவரும் அவரே. 2007இல் கால் முறிந்தது. மில்வாலில் கோலே இல்லாத சில ஆட்டங்கள். பிறகு நார்தாம்ப்டன், ஜில்லிங்காம், மறுபடி நார்தாம்ப்டன், மறுபடி ஜில்லிங்காம். அவர் விட்டு வந்த ஸ்வான்சி 2011இல் பிரீமியர் லீகுக்கே போய்விட்டது.

போன இடமெல்லாம் ஒரே பேச்சு: கால்பந்துக்கு இந்த உடம்பு ஆகாது. இங்கேதான் நான் அவர் கட்சி. கீழ்ப்படி ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் வானத்திலிருந்துதான் வரும். பின்னாலிருந்து ஒருவர் நெடுக உதைப்பார். கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஸ்ட்ரைக்கர், தோளிலும் முதுகிலும் இடிக்கும் டிஃபெண்டரைத் தாங்கிக்கொண்டு, பந்தை நெஞ்சில் வாங்கி இறக்கி, ஓடிவரும் தன் ஆளுக்குத் தள்ளிவிட வேண்டும். ஒரு தொண்ணூறு நிமிடத்தில் இதை முப்பது தடவை செய்தாலும் கணக்கில் ஏறாது. கோல்தான் ஏறும். இந்தக் கைவினைக்கு வேகம் தேவையில்லை. நிற்கத் தெரிய வேண்டும், எந்தப் பக்கம் திரும்புவது என்று, இடிப்பவன் உணரும் முன்பே தனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எடையைக் குறைக்கச் சொன்னவர்கள் கேட்டது, ஒரு தச்சனிடம் சுத்தியலைத் தூரப்போடு என்று கேட்பது மாதிரி. ஃபிஃபா வீடியோ கேமில் உலகிலேயே வலிமையான ஆட்டக்காரர் என்ற மதிப்பெண் கிடைத்ததும், அதுவரை பெயர் தெரியாத பையன்கள்கூட அவரை 'பீஸ்ட்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் 'பீஸ்ட் மோட் ஆன்' என்று சட்டை அச்சடித்து விற்றார். மே மாதப் பட்டியலை நம்பி இருப்பவர் வேறு என்ன செய்வார்?

அதே 1982இல் பிறந்த ரிக்கி லாம்பர்ட்டை இங்கே சொல்லாமல் போக முடியாது. 15 வயதில் லிவர்பூல் கழற்றிவிட்டது. இடையில் பீட்ரூட் ஆலையில் ஜாடிகளுக்கு மூடி திருகும் வேலை, நாளொன்றுக்கு 20 பவுண்டு. மேக்கிள்ஸ்ஃபீல்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று படிப்படியாக ஏறி, 2013இல் 31 வயதில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துச் சட்டையில் இறங்கி, முதல் தொடுதலிலேயே தலையால் முட்டி கோல். பத்திரிகைகளுக்குப் பிடித்தது இந்தக் கதைதான். ஆனால் ஒரு லாம்பர்ட்டுக்குப் பின்னால் மேலே போகாத நூறு பேர் உண்டு. அகின்ஃபென்வா போகாதவர்களின் கட்சி. பிரீமியர் லீகில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. இருநூறுக்கும் மேல் கோல் அடித்தவர்.

லிவர்பூல் அவருக்குச் சின்ன வயது முதல் பிடித்த அணி. 2015 ஜனவரி 5, எஃப்ஏ கோப்பையில் அந்த லிவர்பூலே, அவர் அப்போது ஆடிய விம்பிள்டனின் சின்ன மைதானமான கிங்ஸ்மெடோவுக்கு வந்தது. கார்னரில் வந்த பந்தை கோல்கீப்பர் மிக்னோலே தவறவிட, பக்கத்திலிருந்து தட்டி உள்ளே தள்ளினார் அகின்ஃபென்வா. ஆட்டத்தை 2-1 என்று லிவர்பூல் ஜெயித்தது. இரண்டும் ஸ்டீவன் ஜெரார்டின் கோல்கள். ஆட்டம் முடிந்ததும் ஜெரார்டின் சட்டை அகின்ஃபென்வாவிடம் இருந்தது.

வாட்ஸ்அப் கோரிக்கைக்கு வருவோம். வேலை கொடுத்தவர் வைகோம்ப் வாண்டரர்ஸின் அப்போதைய மேனேஜர் கேரத் ஐன்ஸ்வொர்த், ராக் இசைக்குழுவில் பாடுகிறவர். 2018இல் அணி லீக் ஒன்னுக்கு ஏறியது. கோவிட் குறுக்கிட்ட 2020இல் ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று சராசரி போட்டதில், எட்டாமிடத்தில் இருந்த வைகோம்ப் மூன்றாமிடத்துக்கு வந்தது. ஜூலை 13, மேல்படிக்குப் போவதற்கான இறுதி ஆட்டத்தில், ஆளே இல்லாத வெம்ப்ளியில் ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என்று வென்று, 1887இல் தொடங்கிய கிளப் முதன்முறையாக சாம்பியன்ஷிப்புக்குப் போனது. இனி எனக்கு வாட்ஸ்அப் அனுப்பலாம் என்றால் அது லிவர்பூலின் அப்போதைய மேனேஜர் யூர்கன் க்ளாப் மட்டும்தான் என்றார் அகின்ஃபென்வா மைக்கில். க்ளாப் நிஜமாகவே வீடியோ அனுப்பி வாழ்த்தினார். அடுத்த பருவத்தில் ஒரே ஒரு புள்ளியில் வைகோம்ப் மறுபடி கீழே இறங்கியது. 2022 மே மாதம் சண்டர்லாந்திடம் வெம்ப்ளியில் தோற்ற ஆட்டத்தோடு, 40 வயதில் அவர் ஓய்வு பெற்றார்.

யூடியூபில் தேடினால் கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய தொகுப்புகள்தான் முதலில் வரும். அவற்றை விடுங்கள். 2015 லிவர்பூல் ஆட்டம் முழுதாகக் கிடைத்தால், கோல் விழாத ஏதாவது ஒரு பத்து நிமிடம் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் டிஃபெண்டரைப் பாருங்கள்.