மன்னிப்பு ஒரு பக்கம்... தீர்ப்பு ஒரு பக்கம்!

ஒரு சின்ன கேள்வி பாஸ்... இன்னிக்குத் தேதிக்கு நீங்க யார்கூட பேசறதில்லை?

ரூம்மேட்டா? பெஞ்ச்மேட்டா? எதுக்காகன்னு ஞாபகம் இருக்கா? எங்க ஹாஸ்டல்ல ரெண்டு பேர், ரெண்டு செமஸ்டரா முகம் கொடுத்துப் பேசிக்கறதில்லை. காரணம், எக்ஸாமுக்கு முந்தின நாள் இரவல் போய்த் திரும்பி வராத ஒரு மினி டிராஃப்டர். ‘இந்த ஜென்மத்துல அவனை மன்னிக்க மாட்டேன்’னு சபதமே எடுத்திருக்கார் டிராஃப்டரின் சொந்தக்காரர்.

சிரிச்சாச்சா? இனி கொஞ்சம் சீரியஸ்.

1999 ஜனவரி 22, ராத்திரி. ஒடிசா மாநிலத்தின் (அப்போ ஒரிஸ்ஸா) கியோஞ்சர் மாவட்டத்துல மனோகர்பூர்னு ஒரு பழங்குடி கிராமம். அந்தப் பகுதி கிறிஸ்தவர்கள் வருஷா வருஷம் கூடுகிற முகாமுக்காக வந்திருந்தார் கிரஹாம் ஸ்டெயின்ஸ். கூடவே அவரோட ரெண்டு பையன்கள். பிலிப்புக்கு 10 வயசு, திமோத்திக்கு 6. ரெண்டு பேரும் நம்ம ஊட்டியில போர்டிங் ஸ்கூல்ல படிச்ச பசங்க. லீவுக்கு வீட்டுக்கு வந்தவங்க, அப்பாகூட ஜாலியா கிளம்பிட்டாங்க. நல்ல குளிர். அதனால மூணு பேரும் தங்களோட வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கிட்டாங்க.

நள்ளிரவுக்கு மேல ஒரு கும்பல் வந்தது. வண்டியை அடிச்சு நொறுக்கி, அடியில வைக்கோலைத் திணிச்சு நெருப்பு வெச்சது. உள்ளே இருந்தவங்களை வெளியே வர விடலை. காப்பாத்த வந்த ஊர்க்காரங்களையும் கிட்டே நெருங்க விடலை. விடியும்போது மூணு உடல்கள்தான் மிச்சம். கும்பலுக்குத் தலைமை தாங்கியவர் தாரா சிங். உத்தரப்பிரதேசத்துக்காரர், நிஜப்பெயர் ரவீந்திர குமார் பால். ஒரு வருஷம் காட்டுக்குள்ள போக்குக் காட்டிட்டு, 2000 ஜனவரி கடைசியிலதான் போலீஸ்ல சிக்கினார்.

சரி, யார் இந்த ஸ்டெயின்ஸ்?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துல பிறந்தவர். 1965-ல், நம்மைவிட ஒரு நாலஞ்சு வயசுதான் அதிகம் இருக்கும், மயூர்பஞ்ச் மாவட்டத்தின் பாரிபதா டவுனுக்கு வந்தார். 34 வருஷம் அங்கேயே இருந்துட்டார். ஒடியா பேசுவார், சந்தாலி பேசுவார், ஹோங்கிற பழங்குடி மொழியும் பேசுவார். ஹோ மொழியில் வந்த புதிய ஏற்பாட்டுக்குப் பிழை திருத்திக் கொடுத்ததே அவர்தான். (ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் மலையாளிகிட்ட நாலு வருஷம் இருந்தும் ‘சுகமானோ’ தாண்டாத ஆள் நான்!)

அவரோட முக்கியமான வேலை மயூர்பஞ்ச் தொழுநோய் இல்லம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கிய இடம் அது. தொழுநோயை மொத்தமா குணப்படுத்துற கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு பண்ணினது 1981-லதான். அதுக்கு அப்புறமும் என்ன ஆச்சுன்னா, உடம்பு குணமாகி வீட்டுக்குப் போனா வீடு சேர்த்துக்காது. தண்ணி எடுக்க விடாது. பாக்டீரியா செத்துடுச்சு, பயம் சாகலை. அப்படித் துரத்தப்பட்டவங்களுக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுத்து, அந்த ஊர்ல விளையற சபாய்ப் புல்லில் பாய், கூடை பின்னக் கத்துக்கொடுத்த இடம் அது. கிரஹாமின் மனைவி கிளாடிஸ் ஒரு நர்ஸ். 1983-ல் கல்யாணம் ஆகி, அவங்களும் அதே இல்லத்துல புண்ணுக்குக் கட்டுப் போட ஆரம்பிச்சாங்க.

‘அதெல்லாம் ஓகே, மதம் மாத்தினாரா இல்லையா?’ன்னு உங்கள்ல சிலர் கேப்பீங்க. கேக்கணும். ஸ்டெயின்ஸ் ஒரு மிஷனரி. அதை அவர் மறைச்சதே இல்லை. தன் மதத்தைப் பத்திப் பேசினார், பிரசங்கம் பண்ணினார். ஆனா ஆசைகாட்டியோ கட்டாயப்படுத்தியோ மதம் மாத்தினார்ங்கிறதுக்கு, மத்திய அரசு போட்ட நீதிபதி வாத்வா கமிஷனுக்கு ஆதாரம் கிடைக்கலை. ஒருவேளை கிடைச்சிருந்தா? அப்பவும் அதுக்கு ஒரிஸ்ஸாவில் 1967-லேர்ந்தே தனிச்சட்டம் இருந்தது, போலீஸ் ஸ்டேஷன் இருந்தது. ஆறு வயசுப் பையன் யாரை மதம் மாத்தினான்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம அடுத்த கேள்விக்குப் போக எனக்கு இஷ்டமில்லை.

செய்தி பாரிபதாவுக்கு வந்தப்போ, வீட்டுல இருந்தது கிளாடிஸும் 13 வயசு மகள் எஸ்தரும். சில நாள்லயே பத்திரிகைக்காரங்க முன்னாடி கிளாடிஸ் சொன்ன விஷயம்தான் உலகத்தையே திரும்பிப் பார்க்க வெச்சது. கொன்னவங்களை நான் மன்னிச்சுட்டேன், எனக்கு அவங்க மேல கசப்பு இல்லைன்னுட்டாங்க. இறுதிச் சடங்குல அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடினாங்க. கூட்டத்துல பெரும்பாலானவங்க பாரிபதாவின் இந்துக்கள். அந்த ஊர் ஒரு ஜெகந்நாதர் கோயில் ஊருங்கிறதை இங்கே சொல்லியே ஆகணும். அங்கே தேர்த் திருவிழா ரொம்ப ஃபேமஸ், சுபத்திரையின் தேரைப் பெண்களே இழுப்பாங்க. அந்த ஊரோட சாமி பேரைச் சொல்லி வெளியூர் ஆள் ஒருத்தர் கொலை பண்ணிட்டுப் போக, சாவுக்கு வந்து அழுதது அந்த ஊர்.

‘அது எப்படிங்க முடியும்?’

கிளாடிஸைக் கேட்டவங்களுக்கெல்லாம் அவங்க சொன்ன பதில் ஒண்ணுதான். இது என் சொந்த பலம் இல்லை, இயேசு கொடுத்தது. நம்பாதவங்களுக்கு இது சப்பைக்கட்டா தெரியலாம். ஆனா அந்த மதத்தோட லாஜிக்கைக் கொஞ்சம் பார்க்கணும். பேதுருங்கிற சீடர் போய், ‘ஒருத்தன் எனக்குத் தப்பு பண்ணினா எத்தனை தடவை மன்னிக்கணும், ஏழு தடவை போதுமா?’ன்னு கேட்கிறார். ஏழு எழுபது தடவைன்னு பதில் வருது. கால்குலேட்டரைத் தேடாதீங்க, 490. ‘491-வது தடவை போட்டுத் தாக்கலாம்’னு யாராவது கிளம்பினா, அவங்களுக்குக் கணக்கு வருது, கதை புரியலைன்னு அர்த்தம். தினசரி ஜெபத்துலேயே ஒரு கொக்கி இருக்கு. நாங்க மன்னிக்கிற மாதிரி எங்களையும் மன்னியும்னு கேட்கிறாங்க. அதாவது, மன்னிக்காத ஆள் தினமும் தனக்கு எதிரா தானே வேண்டிக்கிறார்! ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கடகடன்னு சொல்லிட்டு வந்து திங்கட்கிழமை மறந்துடற என் ஃப்ரெண்ட்ஸ் நிறைய பேருக்கு இது இடிக்கும்.

கிறிஸ்தவங்களுக்கு மட்டும்தான் இது தெரியும்னு சொல்ல வரலை. நம்ம பத்தாம் வகுப்புப் பசங்களைக் கேட்டாலே ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தைச் சொல்லிடுவாங்க. மார்க் வாங்கறதுக்காகப் படிச்ச அதை ஒருத்தர் நிஜமாவே பண்ணிக் காட்டும்போதுதான் நமக்குத் தூக்கிவாரிப் போடுது.

இப்போதான் மேட்டருக்கே வர்றேன். கிளாடிஸ் மன்னிச்சதைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. அதுல முக்கால்வாசி பேர் விட்டுட்ட பாதி ஒண்ணு இருக்கு. மன்னிப்பையும் குற்றத்துக்கான விளைவையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பக் கூடாதுன்னு அவங்க தெளிவா சொன்னாங்க. வாத்வா கமிஷனுக்குக் கொடுத்த வாக்குமூலத்துல, கொன்னவங்களைத் தண்டிக்கணும்கிற எண்ணம் என் மனசுல இல்லை, அவங்க மனம் வருந்தித் திருந்தணும்கிறதுதான் என் ஆசைன்னு சொன்னாங்க. அது அவங்க மனசோட கணக்கு. ஆனா கோர்ட் வேலையைக் கோர்ட் பார்க்கட்டும்னு விட்டுட்டாங்க. ‘நான் மன்னிச்சுட்டேன், கேஸை மூடுங்க’ன்னு எங்கேயும் கேக்கலை.

இது ஏன் முக்கியம்? ‘அதான் அந்தம்மாவே மன்னிச்சுட்டாங்களே, நீங்க ஏன் இன்னும் அதையே பேசறீங்க?’ங்கிற டயலாக்கை நீங்க டீக்கடையில கேட்டிருப்பீங்க. ராகிங்குல அடி வாங்கின பையன்கிட்ட, ‘சீனியர்தானேப்பா, மன்னிச்சு விட்டுடு, காலேஜ் பேர் கெட்டுடும்’னு சொல்றதும் இதே டயலாக்தான். மன்னிக்கிறது அடிபட்டவரோட சொத்து. அதைப் பக்கத்து வீட்டுக்காரரோ, பிரின்சிபாலோ, அரசாங்கமோ எடுத்துச் செலவு பண்ண முடியாது. கிளாடிஸ் மன்னிச்சதால மனோகர்பூர்ல நடந்தது சின்ன விஷயம் ஆகிடலை. அது எவ்வளவு பெரிசுன்னு தெரிஞ்சேதான் மன்னிச்சாங்க.

கோர்ட்டுல நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். 2003 செப்டம்பரில் சி.பி.ஐ. கோர்ட் தாரா சிங்குக்குத் தூக்கு, இன்னும் 12 பேருக்கு ஆயுள்னு தீர்ப்பு சொன்னது. 2005-ல் ஹைகோர்ட் தூக்கை ஆயுளா குறைச்சது. மகேந்திர ஹெம்ப்ரம்கிறவருக்கு ஆயுளை உறுதி பண்ணிட்டு, மத்த 11 பேரை விடுவிச்சது. 2011 ஜனவரி 21 அன்னிக்குச் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. ஆனா அந்தத் தீர்ப்புல, ஸ்டெயின்ஸின் மத வேலைகளுக்குப் பாடம் புகட்டத்தான் இது நடந்ததுங்கிற மாதிரி ஒரு வரி வந்து பெரிய சர்ச்சை ஆகி, நாலே நாள்ல கோர்ட்டே அந்த வரிகளை மாத்தி எழுதிடுச்சு. அரியர் பேப்பர் ரீவேல்யுவேஷனே மாசக்கணக்குல இழுக்கிற நாட்டுல, நாலு நாள் பெரிய விஷயம்!

கிளாடிஸ் என்ன பண்ணினாங்க? ‘ஊருக்குப் போயிடுவாங்க’ன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. போகலை. கணவரும் குழந்தைகளும் எரிஞ்ச அதே மாநிலத்துல, அதே இல்லத்துல, அதே நோயாளிகளோட இன்னும் அஞ்சு வருஷம். எனக்கு, ‘மன்னிச்சுட்டேன்’னு மைக் முன்னாடி சொன்ன அந்த நிமிஷத்தைவிட இந்த அஞ்சு வருஷம்தான் பெரிசா தெரியுது. முதலாவது ஒரு நாள் செய்தி. ரெண்டாவதுக்குத் தினமும் காலையில எழுந்திருக்கணும். 2004-ல் கிரஹாம் பேர்ல ஒரு மருத்துவமனை பாரிபதாவுல திறந்தாச்சு. அதே வருஷம் அவங்க ஆஸ்திரேலியா திரும்பினாங்க. 2005-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது.

அதனால ஒரிஸ்ஸாவுல எல்லாம் சரியாகிடுச்சா? இல்லை. 1999-லயே ஷேக் ரஹ்மான்கிற முஸ்லிம் வியாபாரியும், அருள்தாஸ்கிற கத்தோலிக்கப் பாதிரியாரும் மயூர்பஞ்சுல கொல்லப்பட்டாங்க. அந்த வழக்குகள்லயும் தாரா சிங் பேர்தான். 2008 ஆகஸ்ட்ல சுவாமி லட்சுமணானந்தா சுட்டுக் கொல்லப்பட, அதைத் தொடர்ந்து கந்தமால் மாவட்டத்துல கிறிஸ்தவங்களோட வீடுகள் ஆயிரக்கணக்குல எரிஞ்சுது, உயிர்களும் போச்சு. ஒரு அம்மாவோட மன்னிப்பு ஒரு மாநிலத்துக்கே தடுப்பூசி போட்டுடும்னு எதிர்பார்க்கிறது நம்ம சோம்பேறித்தனம்.

அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு ரெண்டு விஷயம் நடந்தது.

2024-ல் தாரா சிங், தன்னை விடுதலை பண்ணச் சொல்லிச் சுப்ரீம் கோர்ட்டுல மனு போட்டார். இளம் வயசு ஆத்திரத்துல பண்ணிட்டேன், ரொம்ப வருந்தறேன்னு அந்த மனு சொல்லுது. 2025 ஏப்ரல்ல மகேந்திர ஹெம்ப்ரம் நன்னடத்தை அடிப்படையில கியோஞ்சர் ஜெயில்லேர்ந்து வெளியே வந்தார். சுமார் 25 வருஷ ஜெயில். மாலை போட்டு வரவேற்றாங்க. என்மேல பொய் வழக்கு போட்டுட்டாங்கன்னு சொன்னார்.

ஒருத்தர் வருந்தறேன்கிறார், ஆனா அது விடுதலை கேட்கிற மனுவுல இருக்கு. இன்னொருத்தர் பண்ணவே இல்லைங்கிறார், அவர் வெளியே வந்துட்டார். கிளாடிஸ் 1999-ல் மன்னிச்சப்போ, இவங்க வருந்தினா மட்டும்தான்னு எந்தக் கண்டிஷனும் போடலை. அவங்க வரைக்கும் அந்தக் கணக்கு அன்னிக்கே முடிஞ்சது.

நம்ம கணக்கு? அந்த மனு உங்க டேபிளுக்கு வந்தா என்ன எழுதுவீங்க? கேன்டீன்ல உட்கார்ந்து பேசிப் பாருங்க. நான் எங்க ஹாஸ்டல்ல பேசிப் பார்த்தேன். ஆறு பேர், ஆறு தீர்ப்பு. டிராஃப்டர்காரர் மட்டும் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலை!