பழைய டெலிவிஷன் பெட்டிக்கு மூன்று வாசல்கள்

டெக், டி.வி.டி., கேபிள் எல்லாவற்றையும் இணைக்கலாம்!

"பெட்டி பழசாகி விட்டது. இனி இதில் படம் தெரியாது. பழைய சாமான்காரரிடம் போட்டு விட்டு, புதுசு வாங்குங்கள்!"

பழைய டெலிவிஷன் பெட்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

இது உண்மையா?

பெட்டியின் படக்குழாய் கெட்டு விட்டால், இந்தப் பேச்சு உண்மைதான். ஆனால், சுவிட்சைப் போட்டதும் திரையில் வெளிச்சம் வருகிறது, புள்ளி புள்ளியாகக் கொதிக்கிறது, "உஸ்" என்று சத்தம் கேட்கிறது என்றால், பெட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். படம் உள்ளே போவதற்கு வழி இல்லை. அவ்வளவுதான்!

அந்த வழி எங்கே இருக்கிறது? அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவை இல்லை. பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தால் போதும்.

கம்பமும் ஆன்டெனாவும்

சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி தொடங்கப்பட்டது.

அப்போது படம் காற்றில் வந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் நகரத்துக்கு வெளியே இருந்த ஊர்கள். அதனால் மொட்டை மாடியில் நீண்ட குழாயை நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார்கள். காற்று அடித்தால் ஆன்டெனா திரும்பி விடும். ஒருவர் மாடியில் நின்று அதைத் திருப்புவார். "தெரியுதா? தெரியுதா?" என்று கத்துவார். கீழே இருப்பவர், "இன்னும் கொஞ்சம்!" என்று குரல் கொடுப்பார்.

வெள்ளிக்கிழமை "ஒலியும் ஒளியும்" நிகழ்ச்சி வந்தால், தெருவே ஒரு வீட்டில் கூடி விடும்.

1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அந்த ஆண்டுதான் இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது. அதன் பிறகு வந்தது வீடியோ டெக். டெக்கையும் 3 காசெட்டுகளையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்த குடும்பங்கள் எத்தனையோ!

1990-க்குப் பிறகு கேபிள் வந்தது. கம்பத்துக்குக் கம்பம், மரத்துக்கு மரம் கறுப்பு வயர் ஓடியது. 1993 ஏப்ரல் 14-ந்தேதி சன் டி.வி. தொடங்கியது.

2006-ல் தமிழக அரசு இலவச வண்ண டெலிவிஷன் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரையில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான 14 அங்குலப் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. பல ஏழைக் குடும்பங்களுக்கு அதுதான் முதல் டெலிவிஷன்.

புள்ளிகள் கொதிப்பது ஏன்?

அப்படியானால் அந்தப் பெட்டிகளில் இப்போது படம் தெரியாதது ஏன்?

பெட்டி மாறவில்லை. வயரில் வரும் "மொழி" மாறி விட்டது.

பழைய பெட்டிக்கு ஒரே மொழிதான் தெரியும். அது அலை மொழி. படத்தின் வெளிச்சமும் இருட்டும் ஏறி இறங்கும் அலையாக வரும். அதைப் பெட்டி 625 கோடுகளாகத் திரையில் வரையும். ஒரு விநாடிக்கு 25 படங்கள்!

இப்போது கேபிளில் வருவது எண் மொழி. படம் எண்களாக மாற்றப்பட்டு, பூட்டுப் போட்டு அனுப்பப்படுகிறது. பழைய பெட்டிக்கு இது புரியாது. ஆகவேதான் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். அவர்தான் "செட்டாப் பாக்ஸ்".

இந்தப் பெட்டி சென்னைக்குப் புதிதல்ல. கட்டணச் சேனல்களைப் பார்க்கச் செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்ற முறை 2003 செப்டம்பரிலேயே சென்னையில் வந்து விட்டது. 2017-ல் அரசு கேபிள் நிறுவனம் செட்டாப் பாக்ஸ்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. மாடி ஆன்டெனாவுக்கு வந்து கொண்டிருந்த பழைய தூர்தர்ஷன் ஒளிபரப்பும் பிறகு படிப்படியாக நிறுத்தப்பட்டது.

ஆகவே பழைய பெட்டியில் கேபிள் வயரை நேராகச் சொருகினால் புள்ளிதான் தெரியும். வயர் முதலில் செட்டாப் பாக்ஸுக்குப் போக வேண்டும். அதிலிருந்து டெலிவிஷனுக்கு வர வேண்டும்.

எந்த வாசல் வழியாக வர வேண்டும்? மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல்: ஆன்டெனா துளை

எவ்வளவு பழைய பெட்டியானாலும் இந்த வாசல் இருக்கும். பின்பக்கத்தில் ஒற்றை வட்டத் துளை. சில பழைய கறுப்பு-வெள்ளைப் பெட்டிகளில் துளைக்குப் பதில் இரண்டு திருகுகள் இருக்கும். அவை பட்டை வயருக்காக வைத்தவை. அதில் வட்ட வயரை மாட்ட ஒரு சின்னத் துண்டு கடையில் கிடைக்கும். "மாட்சிங் டிரான்ஸ்பார்மர்" என்று கேளுங்கள்.

வீடியோ டெக்கின் பின்னால் இரண்டு வட்டத் துளைகள் இருக்கும். ஒன்று உள்ளே வருவதற்கு. மற்றொன்று வெளியே போவதற்கு. வெளியே போகும் துளையிலிருந்து டெலிவிஷனின் ஆன்டெனா துளைக்கு ஒரு வயர் கொடுங்கள்.

பிறகு டெக்கில் காசெட்டை ஓட விட்டு, டெலிவிஷனில் ஒரு சேனலை மெதுவாகத் திருப்பிக் கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் படம் "பளிச்" என்று நிற்கும். அந்த எண்ணில் பதிவு செய்து விடுங்கள். டெக்குக்கு அதுதான் நிரந்தர வீடு.

செட்டாப் பாக்ஸ் பலவற்றில் இப்படிப்பட்ட வட்ட வெளித்துளை இருக்காது. அப்போது "ஆர்.எப். மாடுலேட்டர்" என்ற சிறு பெட்டி தேவை. மஞ்சள், வெள்ளை வயர்களில் வரும் படத்தையும் ஒலியையும் ஒரு சேனலாக மாற்றி, ஆன்டெனா துளைக்குள் அனுப்புவது அதன் வேலை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மிகப் பழைய பெட்டிகளில் 12-ம் எண் வரைதான் சேனல் உண்டு. அதற்கு மேற்பட்ட சேனலில் மட்டும் படம் கொடுக்கும் மாடுலேட்டர் அவற்றுக்கு உதவாது. கடைக்காரரிடம் பெட்டியின் வயதைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் வாசல்: மூன்று நிறத் துளைகள்

பிற்காலத்து வண்ணப் பெட்டிகள் பலவற்றில் இந்த வாசல் உண்டு. சிலவற்றில் பின்னால் இருக்கும். சிலவற்றில் முன்பக்கம் ஒரு சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும்!

மஞ்சள் துளை படத்துக்கு. வெள்ளைத் துளை இடப்பக்க ஒலிக்கு. சிவப்புத் துளை வலப்பக்க ஒலிக்கு.

மஞ்சளுக்கு மஞ்சள், வெள்ளைக்கு வெள்ளை, சிவப்புக்குச் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதைச் செய்து விடலாம்.

உங்கள் பெட்டியில் மஞ்சள், வெள்ளை என்று இரண்டு துளைகள்தான் இருக்கின்றனவா? கவலை வேண்டாம். சிவப்பு பின்னை அப்படியே தொங்க விடுங்கள். ஒலி ஒரு பக்கத்திலிருந்து வரும். அது போதும்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டெக்கிலும் டி.வி.டி.யிலும் உள்ள "அவுட்" துளையிலிருந்து வயர் புறப்பட வேண்டும். டெலிவிஷனில் உள்ள "இன்" துளையில் போய்ச் சேர வேண்டும். "அவுட்" என்றால் வெளியே. "இன்" என்றால் உள்ளே. தண்ணீர்த் தொட்டியின் குழாயிலிருந்துதான் குடத்துக்குத் தண்ணீர் வரும். குடத்திலிருந்து தொட்டிக்குப் போகாது!

வயரைச் சொருகிய பிறகும் புள்ளிதான் தெரிகிறதா? ரிமோட்டில் "ஏ.வி." என்ற பொத்தானை அமுக்குங்கள். அதை அமுக்கினால்தான் டெலிவிஷன் இந்த வாசலைத் திறக்கும். சில பெட்டிகளில் 0 என்ற எண்ணே ஏ.வி. ஆக இருக்கும்.

செட்டாப் பாக்ஸ் ஒன்று, டி.வி.டி. ஒன்று. ஆனால் டெலிவிஷனில் ஒரே ஒரு மஞ்சள் துளை. என்ன செய்வது? இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாக்கி விடாதீர்கள். இரண்டு படமும் மோதிக் கொள்ளும். "ஏ.வி. செலக்டர்" என்று ஒரு சிறு பெட்டி கிடைக்கும். அதில் பொத்தானை மாற்றினால் ஒரு முறை கேபிள், ஒரு முறை டி.வி.டி. என்று பார்க்கலாம்.

மூன்றாம் வாசல்: மாற்றுப் பெட்டி

புதிய செட்டாப் பாக்ஸ் சிலவற்றில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு எதுவுமே கிடையாது. தட்டையான ஒரு துளை மட்டும் இருக்கும். அதன் பெயர் "எச்.டி.எம்.ஐ.".

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தொழிலாளியிடம் கேட்டால் சொல்வார்: மறை பொருந்தாத போல்ட்டை நட்டில் பலவந்தமாகத் திருகினால் இரண்டும் கெடும். இங்கேயும் அப்படித்தான். தட்டைத் துளைக்கும் மஞ்சள் துளைக்கும் வெறும் வயர் போட்டுப் பயன் இல்லை. நடுவில் மாற்றுப் பெட்டி வேண்டும்.

இதில்தான் பலருடைய பணம் வீணாகிறது. மாற்றுப் பெட்டியில் இரண்டு ஜாதி உண்டு. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

புதிய செட்டாப் பாக்ஸைப் பழைய டெலிவிஷனில் இணைக்க வேண்டுமானால், "எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி." என்று கேட்க வேண்டும்.

பழைய டெக்கைப் புதிய டெலிவிஷனில் இணைக்க வேண்டுமானால், "ஏ.வி. டு எச்.டி.எம்.ஐ." என்று கேட்க வேண்டும்.

ஒன்றை வாங்கி மற்றொன்றாகப் பயன்படுத்த முடியாது. மாற்றுப் பெட்டிக்குத் தனியாக மின்சாரமும் தேவை. செல்போன் சார்ஜர் போன்ற 5 வோல்ட் சார்ஜரில் அதை மாட்டலாம். அதில் "பால்", "என்.டி.எஸ்.சி." என்று ஒரு சுவிட்சு இருந்தால், "பால்" பக்கம் தள்ளுங்கள். நம் நாட்டு முறை அதுதான். மாறி இருந்தால், படம் கறுப்பு-வெள்ளையாகத் தெரியலாம். மேலும் கீழுமாக ஓடவும் செய்யலாம்.

படம் உண்டு, ஒலி இல்லையா?

சில சின்னக் கோளாறுகளும், அவற்றுக்குப் பரிகாரமும்:

படம் தெரிகிறது, ஒலி இல்லை: வெள்ளை பின் சரியாக இறங்கவில்லை. கழற்றி மீண்டும் அழுத்துங்கள்.

ஒலி "கர்" என்று இரைகிறது, படம் இல்லை: மஞ்சள் பின் வெள்ளைத் துளையில் இருக்கிறது. மாற்றுங்கள். இதனால் பெட்டி கெட்டுப் போகாது.

ஆட்கள் ஒல்லியாகவும் நெட்டையாகவும் தெரிகிறார்கள்: செட்டாப் பாக்ஸ் அகலத் திரைக்குப் படம் அனுப்புகிறது. அதன் ரிமோட்டில் "4:3" என்று மாற்றுங்கள்.

உயிருக்கு ஆபத்து!

எந்த வயரை மாட்டுவதானாலும், முதலில் எல்லாப் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி விடுங்கள்.

டெலிவிஷனின் பின்மூடியை ஒருபோதும் கழற்றாதீர்கள். வண்ணப் படக்குழாய்க்கு 20,000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் போகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது குழாயில் தேங்கி நிற்கும். இந்தக் கட்டுரையில் சொன்ன வேலைகள் எல்லாம் மூடிக்கு வெளியே செய்பவை.

இடி, மின்னல் வந்தால் கேபிள் வயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள். வெள்ளத்தில் நனைந்த பெட்டியில் சுவிட்சைப் போடாதீர்கள்.

பழைய பெட்டியின் கனம் எல்லாம் முன்பக்கத்தில் இருக்கிறது. மேஜை ஓரத்தில் வைத்தால், குழந்தை வயரை இழுத்த மாத்திரத்தில் கவிழ்ந்து விடும். ஆகவே சுவரை ஒட்டி, தாழ்வான இடத்தில் வையுங்கள்.

பீரோவில் இருக்கும் பொக்கிஷம்

"இவ்வளவு பாடுபட்டு, பழைய டெக்கை ஏன் இணைக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம்.

உங்கள் பீரோவின் அடித்தட்டைப் பாருங்கள். கல்யாணக் காசெட்டு ஒன்று அங்கே இருக்கக் கூடும். பட்டுப் புடவைக்கு அடியில், கறுப்பு டப்பாவில்!

அதில் மணமக்கள் மட்டுமா இருக்கிறார்கள்? பந்தியில் பரிமாறும் பெரியப்பா, ஊஞ்சல் பாட்டுப் பாடும் பாட்டி, இன்று உயிரோடு இல்லாத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். போட்டோவில் முகம் மட்டும் தெரியும். காசெட்டில் அவர்கள் நடக்கிறார்கள், சிரிக்கிறார்கள், பேசுகிறார்கள். பாட்டியைப் பார்த்தே இராத பேரன், அவர் குரலைக் கேட்கலாம்.

ஆனால் காசெட்டுக்கு ஆயுள் குறைவு. அது அரை அங்குல அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் பூசிய காந்தப் பொடியில்தான் படம் இருக்கிறது. நம் ஊர் ஈரக் காற்றில் அதன் மேல் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். நாளாக ஆக, படமும் மங்கும்.

டெக்கும் அரிதாகி விட்டது. உலகத்தில் கடைசி வரை டெக் தயாரித்து வந்தது ஜப்பான் நாட்டுப் புனாய் கம்பெனி. 2016 ஜூலையில் அதுவும் நிறுத்தி விட்டது. இனி இருக்கும் டெக்குகள்தான்.

ஆகவே டப்பாவின் கண்ணாடி வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் டெக்கில் போடாதீர்கள். டெக்கின் உள்ளே நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும் உருளை இருக்கிறது. பூஞ்சை அதில் ஒட்டி, அடுத்த காசெட்டையும் கெடுக்கும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து முதலில் சுத்தம் செய்யுங்கள்.

நாடா சுத்தமாக இருந்தால், டெக்கை டெலிவிஷனில் இணைத்து ஒரு முறை ஓட விடுங்கள். நன்றாகத் தெரிகிறதா? உடனே அதைக் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து விடுங்கள். வீடியோ கடைகள் சிலவற்றில் இதைச் செய்து கொடுக்கிறார்கள். இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒன்றை உங்களிடமும், மற்றொன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள்.

நாலு பின்களைச் சரியாகச் சொருகும் வேலைதான் இது. ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு மணி நேரம் போதும். டெலிவிஷன் கெட்டால் வேறு வாங்கலாம். நாடாவில் இருக்கும் குரல் போனால், எந்தக் கடையிலும் கிடைக்காது!