வைஃபை பெட்டி... விலையா முக்கியம்? வைக்கிற இடம்!

"ஐயா, நேத்து ராத்திரி மூச்சு வாங்கிச்சா?" - வீடியோவில் டாக்டர் கேட்கிறார். பின் ரூம் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பதில் சொல்ல வாயைத் திறக்கிறார். அவ்வளவுதான்! டாக்டர் சிலையாக நின்று விடுகிறார். "ஹாலுக்கு வாங்கப்பா, இங்கேதான் நெட் வரும்" என்று முடியாத மனிதரைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிறீர்கள்...

உங்கள் வீட்டிலும் இந்தக் கதைதானா? "நாலாயிரம், அஞ்சாயிரம் போனா போகட்டும்... நல்ல ரூட்டரா வாங்கிட வேண்டியதுதான்" என்று வீட்டுக்காரர் கிளம்பிவிட்டாரா? கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். காசே செலவில்லாமல் முடிகிற காரியமாகவும் இருக்கலாம்!

முதலில் ஒரு சின்ன டெஸ்ட்

செல்போனை எடுத்துக்கொண்டு ரூட்டர் பக்கத்திலேயே நின்று ஒரு வீடியோ போட்டுப் பாருங்கள். அங்கேயும் திக்கித் திணறினால் பெரும்பாலும் குறை இணைப்பில்தான். கம்பெனிக்குப் போன் போடுங்கள். பக்கத்தில் ஜோராக ஓடி, பின் ரூமில் மட்டும் நின்றால்... குறை பெட்டி வைத்திருக்கும் இடத்தில்!

எங்கே வைப்பது?

இணைப்பு கொடுக்க வருபவர் வயர் நுழையும் இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய் விடுவார். டி.வி. பின்னால், செருப்பு ஸ்டாண்டு மேலே, ஷோகேஸுக்குள்ளே... நாமும் அழகு கெடுகிறதே என்று துணி போட்டு மூடி வைப்போம். இதெல்லாம் கூடாது.

* வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு, திறந்த இடத்தில் வையுங்கள். வயர் எட்டாவிட்டால் நீளமான வயர் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஃபைபர் வயரை நீங்களே மடக்கி ஒடிக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை!

* இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி ஆகியவை அலைகளைத் திருப்பி அடிக்கும். மீன் தொட்டித் தண்ணீர் அலைகளை விழுங்கிவிடும்.

* மைக்ரோவேவ் அவன் ஓடும்போது நெட் தடுமாறுகிறதா? அதுவும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டியே வேலை செய்கிறது. இரண்டையும் பிரித்து வையுங்கள்.

அதென்ன இரண்டு பெயர்?

செல்போனில் தேடினால் உங்கள் வைஃபை பெயரே இரண்டு தடவை வருகிறதா? ஒன்றின் முடிவில் '5ஜி' என்று இருக்கும். இது செல்போன் 5ஜி அல்ல; 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். இன்னொன்று 2.4. வேகம் கம்மி, ஆனால் சுவர் தாண்டிப் போகும். ஹாலில் இருப்பவர்களுக்கு 5, தாத்தா ரூமுக்கு 2.4! வீடியோவில் பேச 4 எம்.பி.பி.எஸ். வேகம் இருந்தாலே தாராளம்.

வாங்கித்தான் ஆகணும்னா...

விலை குறைந்த ரூட்டரே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று: 'டூயல் பேண்ட்' என்று போட்டிருக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு அலைவரிசையும் அதில் இருக்கும்.

இரண்டு: பின்னால் வயர் சொருகும் போர்ட். மலிவானவற்றில் பலதும் 100 எம்.பி.பி.எஸ். வரைதான் தாங்கும். நீங்கள் 200-க்குப் பணம் கட்டினாலும் 100-க்கு மேல் தராது. உங்கள் பிளான் 100-க்கு மேல் என்றால் 'கிகாபிட் போர்ட்' கேட்டு வாங்குங்கள். 100-க்குள் என்றால் அதற்காகக் கூடுதல் காசு வேண்டாம்.

மூன்று: டப்பாவில் 'ஏ.சி. 1200' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இது இரண்டு அலைவரிசையின் ஏட்டுக் கணக்கு வேகத்தையும் கூட்டிச் சொல்வது. அத்தனையும் ஒரு போனுக்குக் கிடைக்காது. நாலு ஆன்டெனா, ஆறு ஆன்டெனா என்பதைப் பார்த்தும் மயங்காதீர்கள்.

இடம் மாற்றியும் பின் ரூமுக்கு எட்டவில்லையா? பழைய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலிருந்து ஒரு லேன் வயர் இழுத்து, பின் ரூம் அருகே விலை குறைந்த ரூட்டர் ஒன்றை 'ஆக்ஸஸ் பாயின்ட்' முறையில் வைத்து விடுங்கள். பல வீடுகளில் இதுவே போதும்.

பூட்டாமல் விடாதீர்கள்

வாசற்கதவைத் திறந்து போட்டுத் தூங்குவீர்களா? ரூட்டரின் செட்டிங்கில் நுழைய 'அட்மின்' என்ற பாஸ்வேர்டே இன்னும் இருந்தால் அதைத்தான் செய்கிறீர்கள்! முதல் நாளே மாற்றுங்கள். வைஃபைக்கு வேறு நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் வேண்டாம். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 ஆக இருக்கட்டும். விருந்தாளிகளுக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' கொடுத்தால் உங்கள் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டியதே இல்லை.

கதிர்வீச்சு ஆபத்தா?

"குழந்தை தூங்கற ரூம்ல வைக்கலாமா டாக்டர்?" - தாய்மார்களின் பெரிய பயம் இதுதான். வைஃபை அலைகள் எக்ஸ்-ரே போல உடம்பின் அணுக்களைச் சிதைக்கும் சக்தி உள்ளவை அல்ல. ரேடியோ அலை வகையைச் சேர்ந்தவை. சக்தியும் மிகக் குறைவு. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்த வகை அலைகளைப் 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம்' என்ற '2பி' பட்டியலில் சேர்த்தது உண்மை. அதற்குப் பொருள், சந்தேகம் முழுதாகத் தீரவில்லை, உறுதியான சான்றும் இல்லை என்பதுதான். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில் இருக்கிறது!

அலையின் வலிமை தூரம் போகப் போக மளமளவென்று குறையும். ரூட்டரோடு வரும் குறிப்புகளில் 20 செ.மீ., அதாவது சுமார் ஒரு சாண், தள்ளி வைக்கச் சொல்லியிருப்பார்கள். தலைமாட்டில் வைக்காமல் நாலைந்து அடி தள்ளி வைத்தால் மனசுக்கும் நிம்மதி. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.

பயப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறதே... அது கெடுக்கிற தூக்கம்! பல ரூட்டர்களில் குறிப்பிட்ட நேரத்தில் பிள்ளைகளின் போனுக்கு மட்டும் நெட்டை நிறுத்தும் வசதி உண்டு. பத்து மணிக்கு நிறுத்திவிட்டால் சண்டையே வேண்டாம். அவசரத்துக்குத் தாத்தா போனுக்கு மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

இன்றைக்கே பெட்டியை நகர்த்திப் பாருங்கள். அடுத்த தடவை டாக்டர் கேட்கும்போது தாத்தா தன் கட்டிலில் சாய்ந்தபடியே பதில் சொல்லட்டும்!