ஏரிக்கரையில் கூதிர்காலச் சிக்கனம்

குளிர்காலத்துக்கு வீட்டை ஆயத்தம் செய்தல் என்றால், மேனாட்டு மாணவனின் மனக்கண்முன் பனி மூடிய கூரையும் கணப்பும் கம்பளி ஆடையும் தோன்றும். நம் மாணவர்களுக்கு அவை படத்தில் பார்த்த பொருள்கள். ஆயினும் நமக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பருவத்துக்குக் கூதிர் என்று பெயரிட்டனர். வடகிழக்குப் பருவமழை பொழியும் காலம் அது. சென்னைப் பகுதியில் ஓராண்டில் பெய்யும் மழையில் பாதிக்கு மேற்பட்டது, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. இக்காலத்தை எதிர்நோக்கிச் சிக்கனமாக ஆயத்தம் செய்துகொள்ளும் கலையைக் கற்க வேண்டுமானால், பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவக் குப்பங்களுக்குச் செல்ல வேண்டும்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது பழவேற்காடு. இங்குள்ள ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் அடங்கும். ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட தீவு, ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கிறது. தெற்கில் ஆரணியாறும், வடக்கில் காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் ஏரிக்கு நன்னீர் கொண்டு வருகின்றன. கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துபோவதுண்டு. ஏரிநீர் வற்றி உப்பு மிகும். மழைக்கால வெள்ளம் வந்து மணலை அடித்துச் சென்றால், கடலும் ஏரியும் மீண்டும் கலக்கின்றன; இறால் குஞ்சுகள் உள்ளே வருகின்றன. ஆகவே இம்மக்களுக்கு மழை பகையன்று. அவர்கள் ஆண்டு முழுதும் உண்பதற்கு வித்திடுவதே மழைதான். ஆனால் வித்திடும் நாளிலேயே விளைச்சல் கைக்கு வந்துவிடுவதில்லையே! புயற்சின்னம் உருவானால் கடலுக்குப் போகலாகாது. ஏரியிலும் காற்று சுழன்றடிக்கும்போது படகு தள்ள முடியாது. கூதிரில் இப்படி வருவாயற்ற நாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்.

அந்நாள்களில் என்ன செய்வது? எளிய வழி ஒன்று உண்டு. கேடான வழியும் அதுவே. மீன் வாங்கும் வியாபாரியிடம் முன்பணம் பெறுவது. வட்டி இல்லை என்று சொல்வார். ஆனால் பிடிக்கும் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் 10,000 ரூபாய் முன்பணம் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். சந்தை விலையில் கிலோவுக்கு 15 ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார்கள். நாளொன்றுக்கு 5 கிலோவாக 200 நாள் கொடுக்கிறார்கள். இழந்தது 15,000 ரூபாய். முதல் 10,000 அப்படியே நிற்கிறது! எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. ஆனால் அடுப்பு எரியாத அந்தியில் இக்கணக்கைப் போட எவருக்கும் மனம் வராது. ஆகையால் அந்த அந்தி வருவதற்கு முன்னரே போட்டாக வேண்டும். ஏரிக்கரைச் சிக்கனத்தின் பொருள் கஞ்சத்தனம் அன்று. தன் மீனுக்குத் தானே விலை சொல்லும் உரிமையைக் காத்துக்கொள்வது.

கையிருப்பில் முதலிடம் பெறுவது கருவாடு. கருவாட்டை ஏழையின் உணவென்று நகைப்போர் நகரங்களில் உண்டு; அவர்கள் நற்றிணையைப் படித்ததில்லை போலும். உலர்த்திய சுறா ஊனைப் பறவைகள் கவராமல் ஓட்டிக் காக்கும் நெய்தல் நிலப் பெண்களை அந்நூலில் காணலாம். ஈராயிரம் ஆண்டுகளாக நம் கடற்கரையில் நடைபெறும் தொழில் இது. நார்வே நாட்டின் லோபோடென் தீவுகளில் பனிக்காலத்தின் இறுதியில் காட் மீனை உப்பின்றியே மரச்சட்டங்களில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். அங்கே குளிர்காற்று செய்யும் வேலையை இங்கே உப்பும் வெயிலும் செய்கின்றன.

மீன் ஏன் கெடுகிறது? அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர். அந்த நீரை நம்பியே நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. உப்பைத் தடவினால், சவ்வூடு பரவல் என்று நீங்கள் பாடத்தில் படிக்கும் நிகழ்ச்சியால், தசைக்குள் இருக்கும் நீர் வெளியேறுகிறது. நுண்ணுயிரின் உடலிலுள்ள நீரும் அவ்வாறே வெளியேறி, அது செயலற்றுப் போகிறது. மடவை போன்ற மீன்களை முதுகுப்புறம் கீறி, குடலும் செவுளும் நீக்கிக் கழுவி, மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில் அடுக்கி, ஓரிரு நாள் வைத்துப் பின்னர் காயவைப்பார்கள். நெத்திலிக்கு உப்பும் வேண்டியதில்லை. சிறு மீனாதலால் நல்ல வெயிலில் விரைவாகக் காய்ந்துவிடும். பத்துக் கிலோ நெத்திலியில் திடப்பொருள் இரண்டரைக் கிலோ. ஐந்தில் ஒரு பங்கு நீர் எஞ்சும்வரை உலர்த்தினால் மூன்று கிலோவுக்குச் சற்று மேலாகக் கருவாடு கிடைக்கும். விலை போகாத நாளின் மீன், இவ்வாறு விலை மதிப்புள்ள நாளுக்குப் பயணம் செய்கிறது.

மணலில் பரப்பி உலர்த்துவது பழைய வழக்கம். அதில் மண் ஒட்டும். அடிப்பக்கம் ஈரம் தங்கும். பழைய வலையைக் கழிகளின்மேல் இழுத்துக் கட்டி அதன்மீது பரப்பினால், காற்று மேலும் கீழும் வீசும்; சீக்கிரம் காயும். செலவு ஏதும் இல்லை. காய்ந்ததைப் பனையோலைக் கூடையிலோ வாய் மூடிய பானையிலோ வைத்து, அடுப்புக்கு மேலுள்ள பரணில் ஏற்றிவிடுவார்கள். மழை வெறித்த நாளில் வெயில் தலைகாட்டினால், உடனே அவற்றை எடுத்து ஒருமுறை காட்டுவார்கள். காற்றிலுள்ள ஈரத்தை உப்பு உறிஞ்சும் இயல்புடையது என்பதை எப்புத்தகமும் படியாத பாட்டிமார் நன்கறிவர்.

பழைய வலைக்கு வேறொரு பயனும் உண்டு. ஓலைக் கூரையுள்ள வீடுகளில் ஆவணி, புரட்டாசியிலேயே பழுது பார்த்து, மேலே வலையை விரித்து, ஓரங்களைக் கல்லிலோ முளையிலோ இறுகக் கட்டுவார்கள். இதன் காரணத்தைப் பௌதிக மாணவர்கள் கூற வேண்டும். கூரையின்மேல் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. வீட்டினுள் இருக்கும் காற்றின் அழுத்தம் கூரையை மேலே தூக்குகிறது. புயல் கூரையை அழுத்துவதைவிடப் பிடுங்குவதே மிகுதி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது பெயர்ந்து பறந்த தகரங்கள் எத்தனை! ஓட்டு வீடும் காங்கிரீட் வீடும் பெருகிவிட்ட இந்நாளிலும், சமையற்கட்டும் வலை வைக்கும் கொட்டகையும் ஓலையாகவோ தகரமாகவோதான் இருக்கின்றன.

விறகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எரிவாயு உருளை இன்று பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் சாலையில் வெள்ளம் நின்றால் மாற்று உருளை வராது. சவுக்குச் சுள்ளியைக் கோடையிலேயே சேர்த்துத் தரையில் படாமல் அடுக்கி வைப்பது நன்று. விறகில் ஒரு கிலோ நீர் இருந்தால், அதை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 540 கிலோகலோரி வெப்பம் வீணாகும், கண்ணெரிச்சல் தனி. குடிநீரையும் புயல் எச்சரிக்கை வந்தவுடனே எல்லாப் பாத்திரங்களிலும் நிரப்பிவிட வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் கொதிக்கவைக்காமல் பருகலாகாது.

இனிப் பணம். பழவேற்காட்டில் பாடு என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களில், ஏரியின் நல்ல மீன்பிடி இடங்களில் வலை கட்டும் உரிமை முறைவைத்து வருகிறது. சீட்டுக் குலுக்கி இடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வலியவன் நல்ல இடத்தை வளைத்துக்கொள்ளாமல் காப்பது இதன் முதற்பயன். தன் முறை எப்போது வருமென்று ஒருவனுக்கு முன்கூட்டியே தெரிவதால், வரவைக் கணக்கிட்டுச் செலவு செய்யவும் இது உதவுகிறது. இம்முறைக்குள் இடம்பெறாத குடும்பங்களும் ஏரிக்கரையில் உள்ளன. அவர்களுக்கு இந்த உறுதி இல்லை. அக்குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

கடல் மீனவர்க்கென அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒன்றும் உண்டு. ஒன்பது மாதங்களில் மீனவர் 1,500 ரூபாய் செலுத்தினால், அரசின் பங்காக 3,000 சேர்ந்து, மீன்வரத்துக் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திரும்பி வருகிறது. நாளொன்றுக்கு ஆறு ரூபாய்க்கும் குறைவான சேமிப்பு! தனிப்பட்ட முறையில் நான் கண்டது, இத்தகைய சேமிப்பில் பெண்களே முன்நிற்கிறார்கள் என்பது. மீன் கூடையை இறக்கியவுடன், முதலில் சீட்டுப் பணத்தை எடுத்து முந்தானையில் தனியே முடிந்துவிடுவார் ஒரு தாய். "மிச்சம் பிடிச்சுப் போடலாம்னா எங்க வாத்தியாரையா மிஞ்சுது? முதல்ல எடுத்து வச்சாத்தான் உண்டு" என்றார் என்னிடம். பொருளாதார நூல் பல பக்கங்களில் விளக்குவதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

கடற்கரைப் பள்ளியில் பணியாற்றியவன் ஆதலால் வருகைப் பதிவேட்டை வைத்தே இதை நான் அறிவேன். கையிருப்பு உள்ள வீட்டுப் பிள்ளை, மழை விட்ட மறுநாள் பள்ளிக்கு வந்துவிடும். கடன்பட்ட வீட்டுப் பிள்ளை தை மாதம் வந்தாலும் வராது. இறால் பொறுக்கவோ வலை இழுக்கவோ போயிருக்கும். மாணவர்களே, ஆயத்தம் செய்யும் வீட்டில் உங்களுக்கும் பங்குண்டு. குடும்ப அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் படகு உரிமத்தையும், அவற்றோடு உங்கள் பாடநூல்களையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் ஏற்றிவையுங்கள். வானொலியில் வரும் வானிலை அறிக்கையைக் கேட்டு, எழுதப் படிக்கத் தெரியாத முதியோர்க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கருவாட்டுப் பானை கூதிர் முடியுமுன்னே காலியாகிவிட வேண்டும் என்பதில்லை. புது மீன் வரத்துக் குறைந்த நாள்களில் கருவாட்டுக்கு விலை ஏறும். வீட்டுத் தேவைக்குப் போக மீந்ததைப் பெண்கள் கூடையிலேற்றிப் பொன்னேரிக்குக் கொண்டுபோய், தாங்கள் சொன்ன விலைக்கே விற்றுவிட்டு வருகிறார்கள்.