கணிப்பொறி விளையாட்டில் புதிய சரக்கு எஞ்சின்

ரயில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் ஆசை சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. 2001-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட 'ட்ரெயின் சிமுலேட்டர்' என்னும் கணிப்பொறி விளையாட்டு, வயதில் மூத்தோர் பலரையும் ஈர்த்தது. புதிய எஞ்சின்களை ஆடுவோரே உருவாக்கிச் சேர்த்துக்கொள்ள அதில் இடமிருந்தது. அவ்வேலை எத்தகையது என்பதை டபிள்யூடிஜி-4 என்னும் இந்திய டீசல் எஞ்சினைக் கொண்டு விளக்கலாம். 'டபிள்யூ' அகலப் பாதையையும், 'டி' டீசலையும், 'ஜி' சரக்கையும் குறிக்கும்.

இவ்வகை எஞ்சின் 1999-இல் முதன்முதலாக இறக்குமதி செய்யப்பெற்றது. பின்னர் வாரணாசித் தொழிற்சாலையிலேயே உற்பத்தியாயிற்று. இதன் ஆற்றல் 4000 குதிரைச் சக்தி. எடை 126 டன்.

எஞ்சினின் வடிவத்தையும் வண்ணத்தையும் அமைப்பது பொறுமையைச் சார்ந்தது. அதன் குணத்தை அமைப்பதே கடினம். எடை, சக்தி, இழுவிசை முதலியன ஓர் எழுத்துக் கோப்பில் எண்களாகக் குறிக்கப்படுகின்றன. சக்கரம் தண்டவாளத்தைப் பற்றும் தன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அக்கோப்பில் ஓரெழுத்து மிகையாகப் பிழைபட அமைந்துள்ளது. அதனை அப்பிழையுடனேயே எழுதிவருவது வழக்கமாகிவிட்டது!

சக்தியை மட்டும் சரியாகக் குறித்தால் போதாது. இழுவிசையும் வேகமும் பெருகி வருவதே சக்தி. எனவே வேகம் கூடக் கூட இழுவிசை குறைதல் வேண்டும். டபிள்யூடிஜி-4 புறப்படும்போது சுமார் 540 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 55 டன் விசையுடன் இழுக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், இழப்புகளைக் கணக்கில் கொள்ளாவிடினும், அது 215 கிலோ நியூட்டனுக்கு மேற்படாது.

புறப்படும் விசை எஞ்சினின் எடையில் நூற்றுக்கு 44 பங்கு ஆகும். பழைய டபிள்யூடிஎம்-2 எஞ்சினில் இது நூற்றுக்கு 27 பங்கே. மாறுதிசை மின்னோட்ட மோட்டார்களும் சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் கட்டுப்பாடுமே இவ்வேற்றுமைக்குக் காரணம். ஆகவே பழைய எஞ்சினின் கோப்பைப் பிரதி எடுத்துச் சக்தியை மட்டும் உயர்த்துவோர் பெறுவது புதிய எஞ்சின் அன்று, பழையதன் மாறுவேடமே.

ஓசையிலும் இவ்வாறே. இரண்டும் 16 சிலிண்டர்கள் உடையன. டபிள்யூடிஎம்-2 நான்கு வீச்சு முறையில் நிமிஷத்துக்கு 1000 சுற்றுகள் சுழலும். அப்போது விநாடிக்குச் சுமார் 133 வெடிப்புகள் நிகழும். டபிள்யூடிஜி-4 இரண்டு வீச்சு முறையினது. 904 சுற்றுகளிலேயே விநாடிக்கு 241 வெடிப்புகள்! முன்னதன் ஒலிப்பதிவைப் பின்னதற்குப் பொருத்தினால், பாதை ஓரத்தில் வளர்ந்த எவரும் உடனே கண்டுகொள்வர்.

வேலை முடிந்ததும் சோதனை. மேற்குத் தொடர்ச்சி மலையில் குலேமிலிருந்து காசல் ராக்குக்கு ஏறும் பாதையில் 37 அடிக்கு ஓரடி ஏற்றம் உண்டு. அங்கே 2000 டன் சரக்கு வண்டியை ஒற்றை எஞ்சினுடன் நிறுத்திப் புறப்படச் செய்ய வேண்டும். எஞ்சினின் எடையையும் சேர்த்தால், புவியீர்ப்பு மட்டுமே சுமார் 57 டன் விசையுடன் வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். மெய்யான பாதையில் பின்னிருந்து தள்ளுவதற்குத் துணை எஞ்சின்கள் இணைக்கப்படுவது இதனாலேயே. விளையாட்டில் அவ்வண்டி உல்லாசமாக மேலேறுமாயின், கோப்பை மீண்டும் திறந்து எண்களைத் திருத்த வேண்டியதே.